ஹட்ஸ்பெத் வைத்த புள்ளி

வெர்லின் ஹட்ஸ்பெத்தை எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்காது. அதற்கான காரணம் என் இடது கன்னத்துக்குள் இருக்கிறது: எள்ளளவு ஈயம். தோண்டி எடுப்பதைவிட அப்படியே விடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜனவரியில் வடக்குக் காற்று அடிக்கும்போது அது இருக்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பெயர் நேடீன் ஆர்கட். எங்கள் மாவட்டத்துக் கவுண்டிச் சாலைத் துறையில் கிரேடர் வண்டி ஓட்டுகிறேன். கோடையில் சரளைச் சாலைகளைச் சமன் செய்வேன், குளிர்காலத்தில் பனி தள்ளுவேன். எங்கள் கேன்சஸ் புல்மேடுகளில் எந்த வீட்டு வாசல் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். ஹட்ஸ்பெத்தின் வாசல் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகும் வழியில், வேலி ஒரு அங்குலம்கூடச் சாயாமல் இருக்கும். அந்த வேலிக்காகப் பக்கத்து நிலத்துக்காரனோடு அவன் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்தான். ஜெயித்தான். ஜெயித்த மறுநாள், அந்த ஆள் தன் பக்கத்தில் வளர்த்திருந்த மல்பெரி மரத்தின் கிளை வேலியைத் தாண்டுகிறது என்று புது வழக்குப் போட்டான்.

வெர்லினுக்கு முப்பது வருடம் எரிவாயுக் குழாய்க் கம்பெனியில், வீடளவு பெரிய இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த இன்ஜின்களோடு பேசிப் பேசித்தான் மனிதர்களோடு பேசுவது மறந்துபோனது என்று அவன் மனைவி சொல்வாள். அவள் விச்சிட்டாவுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. போகும்போது அவன் சொன்னது, "கார்ல ஆயில் மாத்திட்டுப் போ." அவ்வளவுதான். அவள் மாற்றாமல் போனாள். வழியில் இன்ஜின் நின்றதாம். நின்ற செய்தியை ஊருக்குச் சொன்னவனும் அவனேதான்.

அந்தக் குவாரியில் கூடுகிற எங்கள் துப்பாக்கி கிளப்பில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உடை போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. என்னுடையது சரளை ராணி. வெர்லின் மட்டும் புனைபெயர் கேட்டபோது ஹட்ஸ்பெத் என்றே சொன்னான். "அது உன் நிஜப் பேராச்சே" என்றதற்கு, "என்னால ஒண்ணுதான் சுமக்க முடியும்" என்றான். தொப்பிகூட அவனுடைய வேலைத் தொப்பிதான். ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. போட்டியில் சுடமாட்டான். சுடுபவர்கள் தோட்டா போடும் மேசைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு துப்பாக்கியையும் பார்த்து அனுப்பும் காவல் வேலையை எடுத்துக்கொண்டான். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம். அவனுக்கு அந்த வேலைதான் வேண்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு தட்டை எடுப்பான், ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான், போவான். மனிதர்கள் நடுவே அவன் நிற்பது அந்த ஒரு நாள்தான். அது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே, அவனை அங்கிருந்து விரட்டவேண்டும் என்று முடிவெடுத்தபோது, எங்கே அடிக்கவேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கிளப்பில் பாதிப்பேர் வைத்திருப்பது இத்தாலியில் செய்த நகல் ரிவால்வர். உள்நாட்டுப் போர்க் காலத்து வகை. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை அமுக்கி, பின்னால் குட்டியாய் ஒரு செப்புத் தொப்பி மாட்டவேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் மருந்து பாதி துப்பாக்கிக்குள் போகும், பாதி மீசைக்குள் போகும். அதனால் பலர் அந்தச் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, சாதாரணத் தோட்டா போடுகிற மாற்றுச் சிலிண்டரை வாங்கி மாட்டுவார்கள். அதற்குத் தனியாக ஒரு பின்மூடி உண்டு. தோட்டா போடவேண்டுமென்றால் சிலிண்டரையே துப்பாக்கியிலிருந்து வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, தோட்டாக்களை இட்டு, மூடியைப் போட்டு, திரும்பத் துப்பாக்கியின் சட்டத்துக்குள் தள்ளவேண்டும்.

கடைப் பெட்டியில் 'அப்படியே மாட்டிக்கொள்ளலாம்' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் அராவித்தான் பொருத்தவேண்டும்; அந்த வேலையைத் தன் வீட்டுக் கொட்டகையில் செய்துதருபவன் ஹட்ஸ்பெத். பெட்டியில் இருப்பதை அவனிடம் யாராவது சொன்னால், "அப்போ மாட்டிக்கோ, இங்க எதுக்கு வந்த?" என்று கொட்டகைக் கதவைச் சாத்துவான்.

அவனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் வாங்கிய துப்பாக்கியை அராவியே நாசமாக்கினான். அதைக் கொட்டகைக் கதவின் வெளிப்புறம் ஆணியடித்து மாட்டியிருக்கிறான், குழல் கீழே தொங்க. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரவேண்டும். அவன் முறை இதுதான்: பின்மூடியில் இருக்கும் பற்களை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவான். துப்பாக்கியில் போட்டு, தோட்டாவைத் தட்டுகிற சுத்தியைப் பின்னுக்கு இழுத்து ஒரு சுற்று. உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோல் பற்களைத் தள்ளும் இடத்தில் கறுப்பு தேய்ந்து பளிச்சென்று தெரியும். அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. திரும்பப் புகை, திரும்ப ஒரு சுற்று. ஒரு இழுப்புக்கு மேல் ஒருபோதும் இழுக்கமாட்டான். துப்பாக்கியைத் தொடமாட்டான், மூடியைத்தான் அராவுவான். மூடி கெட்டால் இன்னொன்று வாங்கலாம். கடைசியில் குழலின் வாய்வழியாக ஒரு பித்தளைக் கம்பியை விடுவான். ஒவ்வோர் அறையும் வந்து பூட்டும்போது, கம்பி எங்கும் தட்டாமல் நேரே அறைக்குள் இறங்கவேண்டும். அறை ஒரு மயிரிழை தள்ளி நின்றால் குண்டு குழலுக்குள் நேராகப் புகாது, விளிம்பில் சீவிக்கொண்டு போகும். அந்தச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும்.

ஆக, ஒரு முறை பொருத்திய மூடியும் சிலிண்டரும் அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே சொந்தம். வேறொன்றில் போட்டால் போகும், சுற்றும், வெடிக்கவும் செய்யும். ஆனால் நேராக நிற்காது.

வேலை சுத்தம், வாய் அசுத்தம். மெதடிஸ்ட் பாதிரியார் ஒரு பித்தளைச் சட்டத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தோட்டாவின் அடியைப் பித்தளை தாங்காது, நாளடைவில் நீண்டுவிடும். அதைச் சொல்லித் திருப்பித் தந்திருக்கலாம். இவன் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து, தேவாலய வாசலில், ஆராதனை முடிந்து எல்லாரும் இறங்கி வருகிற நேரத்தில் கையில் கொடுத்தான். சட்டத்தில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது: பேப்பர் வெயிட்.

லைல் பர்டெட் அவனிடம் போனது போன வருடம் மார்ச்சில். லைல் எங்கள் மாட்டுச் சந்தையின் ஏலக்காரன். அவன் வாயைத் திறந்தால் கிழட்டுப் பசுவும் தன் விலையைக் கேட்டுத் தலைநிமிரும். எல்லாருக்கும் வேண்டியவன். போட்டியில் ஒவ்வொருவரும் இரண்டு ரிவால்வர் கட்டவேண்டும் என்பதால் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, இரண்டுக்கும் மாற்றுச் சிலிண்டர் பொருத்தக் கொடுத்தான். திரும்ப வாங்கப் போனபோது நடந்த பேச்சை இரண்டு பேருமே பிறகு ஒரே மாதிரிதான் சொன்னார்கள், ஒரு வரியைத் தவிர.

"என்னப்பா ஹட்ஸ்பெத்து, என் பிள்ளைங்க ரெண்டும் நடக்க ஆரம்பிச்சிடுச்சா?"

"எடுத்துட்டுப் போ."

"ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லேன். காசா பணமா?"

"நீ ஒரு நிமிஷம் வாய மூடினா நான் சொல்றது காதுல விழும்."

இதற்குப் பிறகு, "ஒரு புள்ளி வச்சது ஒரு புள்ளியோட, ரெண்டு புள்ளி ரெண்டோட. மாத்தாத" என்று தான் சொன்னதாக வெர்லின் சொல்கிறான். அப்படி ஒன்றும் சொல்லவில்லை, கதவைத்தான் சாத்தினான் என்று லைல் சொல்கிறான்.

ஜூன் மாதப் போட்டியில் லைலின் துப்பாக்கிகளைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தோம். கடையில் வாங்கிய கருநீலப் பூச்சு போய், நூறு வருடம் தோல் உறையில் கிடந்ததுபோல் மங்கிய வெள்ளி நிறம். பூச்சை வினிகரில் ஊறவைத்து உரித்திருந்தான். இத்தாலிய எழுத்துகளையும் முத்திரைகளையும் தேய்த்து எடுத்துவிட்டு, சிலிண்டரையும் மூடியையும்கூட மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்து வழவழவென்று ஆக்கியிருந்தான். நகலைப் பழசாகக் காட்டுகிற இந்தப் பைத்தியம் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்கு உண்டு.

"என் கொள்ளுத்தாத்தா குதிரையில இருந்து விழுந்தப்போ இடுப்புல இருந்தது இதுதான்" என்றான் லைல்.

"உன் கொள்ளுத்தாத்தா பன்றி வித்தவர்" என்றேன் நான்.

"பன்றி மேல இருந்துதான் விழுந்தாரு."

சிரித்துக்கொண்டேதான் தோட்டா மேசைக்குப் போனான். இரண்டு சிலிண்டரையும் வெளியே எடுத்தான், மூடி திறந்தான், தோட்டா இட்டான், மூடினான், சட்டத்துக்குள் தள்ளினான். மேசைக்குப் பின்னால் நின்ற ஹட்ஸ்பெத் தலையசைத்து அனுப்பினான். அந்த மேசைக்கு மேலே ஒரு பலகை உண்டு. சிவப்புப் பெயின்ட்டில் கிளப்பின் முதல் விதி: தப்பைக் கண்டவர் கத்தவேண்டும்.

அன்று நேரக்கருவி பிடித்தது நான். சுடுபவரின் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று, ஒவ்வொரு வெடியையும் கருவியில் பிடிக்கவேண்டும். லைல் முதல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதுமே சத்தம் சரியில்லை. 'டங்' என்று விழவேண்டிய தகடு விழவில்லை. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வெடியில் கன்னத்தில் யாரோ சிகரெட்டை அணைத்தது மாதிரி இருந்தது. கையை வைத்தேன், கையெல்லாம் ரத்தம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது.

ஆம்புலன்ஸ் வரும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. "ஹட்ஸ்பெத் அராவினது" என்றான் லைல், முகம் வெளுத்து. அது போதும். மருத்துவமனையில் தையல் போட்டுப் படுத்திருந்த என்னை ஊரே வந்து பார்த்தது. வராதவன் ஒருவன்தான். நான் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் தொலைபேசியில் பேசினான். "எந்தத் துப்பாக்கி? வலது உறையில இருந்ததா, இடதுல இருந்ததா?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

விபத்தில் சம்பந்தப்பட்ட துப்பாக்கிகளை விசாரணை முடியும்வரை தலைவர் பூட்டி வைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். தலைவர் ஆர்லெட்டா ஃபைஃப், விதை தானியக் கடைக்காரி. தன் கடையின் இரும்புப் பெட்டியில் இரண்டையும் அப்படியே வைத்துப் பூட்டினாள். அக்டோபர் கூட்டத்தில் தீர்மானம் வந்தது: ஹட்ஸ்பெத்தைக் கிளப்பிலிருந்து நீக்குவது, அவன் பொருத்திய எந்தத் துப்பாக்கியையும் குவாரிக்குள் விடாதது. அதாவது அவன் கையும் போகவேண்டும், காலும் போகவேண்டும். தீர்மானத்தை முன்மொழிந்தவள் நான்.

தீயணைப்பு நிலையத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மேசை போட்டுக் கூடினோம். பெரிய அண்டாவில் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பு, பக்கத்தில் தட்டுத்தட்டாக இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். வெர்லின் சாப்பிடவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஆர்லெட்டா தீர்மானத்தைச் சொல்லிவிட்டு, "வெர்லின், நீ ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள்.

"துப்பாக்கியக் குடு."

"கேக்கற விதத்தப் பாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"இவன் கையில அதக் குடுக்காதீங்க" என்றான் லைல். "அரத்த எடுத்து எதையாவது சரிபண்ணிட்டு, பாத்தியா நல்லாத்தான் இருக்குன்னுவான்."

"உன் வாயத் தவிர இங்க சரிபண்ண ஒண்ணும் இல்ல பர்டெட்டு. நான் தொடல. ஆர்லெட்டா செய்யட்டும்." சட்டைப் பையிலிருந்து பித்தளைக் கம்பியை எடுத்து மேசையில் வைத்தான். "காலிதானான்னு பாத்துக்கோ. அப்புறம் இந்தக் கம்பிய முன்னாடி வழியா விடு. சுத்திய இழுத்து ஒவ்வொரு அறையா."

ஆர்லெட்டா ஒன்றுக்கு இரண்டு முறை சிலிண்டர்களைத் திறந்து பார்த்தாள். பிறகு, என்னைச் சுட்ட துப்பாக்கியில் கம்பியை விட்டாள். கம்பி இறங்கி, உள்ளே எதிலோ முட்டி நின்றது. அடுத்த அறை, அங்கும் முட்டியது.

"இதத்தானே நாங்க சொல்றோம்" என்றான் லைல். "மக்களே, கேட்டுக்கோங்க. முட்டுது. ஒரு தரம், ரெண்டு தரம்..." பாதிப்பேர் சிரித்தார்கள்.

"இப்ப ரெண்டையும் மாத்திப் போடு" என்றான் வெர்லின்.

ஆர்லெட்டா இதன் சிலிண்டரை அதிலும் அதன் சிலிண்டரை இதிலும் மாற்றினாள். கம்பியை விட்டாள். அது தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுத்தியை இழுத்தாள், மறுபடி விட்டாள், போனது. எல்லா அறைகளிலும் போனது. அடுத்த துப்பாக்கியிலும் அப்படியே. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ரொட்டியைக் கீழே வைத்தார்கள். அந்தச் சின்ன சத்தம், பித்தளை எஃகில் உரசி இறங்குகிற சத்தம், அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

லைல் இரண்டு துப்பாக்கிகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "ஒரே மாதிரி ரெண்டு பண்ணிக் குடுத்தா எவனுக்கு வித்தியாசம் தெரியும்?" என்றான். "ஒரு அடையாளம் வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சேன். ஒண்ணுல ஒரு புள்ளி, ஒண்ணுல ரெண்டு. சட்டத்துல, சிலிண்டர்ல, மூடியில. உன்கிட்ட சொன்னேன்."

"சொல்லவே இல்ல. காட்டு பாக்கலாம், எங்க இருக்கு புள்ளி?"

ஆர்லெட்டா கண்ணாடியைப் போட்டு, விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். மங்கிய வெள்ளி நிறம்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. "இல்லையே வெர்லின்."

"கைப்பிடி மரத்தக் கழட்டு. ஒரு ஸ்குரூதான்."

கழற்றினாள். மரத்துக்கு அடியில் வினிகரும் போகவில்லை, சக்கரமும் போகவில்லை. கடையில் வாங்கிய கருநீலம் அப்படியே இருந்தது. அதன் நடுவில், ஊசி முனையால் குத்தியதுபோல், ஒரு புள்ளி. இன்னொன்றில் இரண்டு.

"தேய்க்கிற எடத்துல ஒண்ணு, தேய்க்க முடியாத எடத்துல ஒண்ணு" என்றான் வெர்லின். "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அப்படித்தான் வைக்கணும்."

லைல் துப்பாக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். "நான் அத ஃபாக்டரில ஏதோ வச்சதுன்னு நெனச்சேன்" என்றான் மெல்ல. சந்தை முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அப்படியானால் புள்ளியை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துத்தான் தேய்த்திருக்கிறான்.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆர்லெட்டா தீர்மானத்தைத் திரும்பப் பெறலாமா என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் வெர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கம்பியைத் துணியில் துடைத்துப் பைக்குள் வைத்தான். உதட்டோரத்தில் ஒரு திருப்தி இருந்தது. வேலி வழக்கில் ஜெயித்த அன்று அவன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கன்னத்துக்குள் இருந்தது குத்தியது. அப்போதுதான் அந்தப் பலகை எனக்கு ஞாபகம் வந்தது.

"வெர்லின், ஒண்ணு கேக்கணும்" என்றேன். "அன்னிக்குத் தோட்டா மேசையில நீதானே நின்ன?"

"ஆமா."

"அவன் துப்பாக்கி வெள்ளையா வந்துதே, பாத்தியா?"

"கண்ணு இருக்கு. பாத்தேன்."

"பாத்தப்போ புள்ளி போயிருக்கும்னு தெரிஞ்சுதா?"

அவன் தப்பிக்க வழி இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை போதும். யாரும் மறுத்திருக்கமுடியாது. லைல்கூட அந்த நிமிடத்தில் அவனுக்காகக் கையைத் தூக்கியிருப்பான்.

"தெரிஞ்சுது" என்றான்.

"ரெண்டையும் ஒரே நேரத்துல வெளிய எடுத்து வச்சான். எது எதுல போகணும்னு அவனுக்குத் தெரியாதுன்னும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எனக்கே பாத்துச் சொல்ல முடியாது. கம்பி போட்டுத்தான் சொல்ல முடியும்."

"அப்புறம் ஏன் கத்தல?"

அவன் தொப்பியை மடியிலிருந்து எடுத்து, அதன் உட்பக்கத்தைப் பார்த்தான். "நான் ரெண்டு வாரம் உக்காந்து செஞ்சத இவன் மெருகுச் சக்கரத்துல புடிச்சிருக்கான். நாலு தகடு விழாம, எல்லார் முன்னாடியும் அசிங்கப்படட்டும்னு நெனச்சேன்." பிறகு சொன்னான், "பக்கத்துல நீ நிப்பேன்னு நெனைக்கல."

ஆர்லெட்டா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். லைல்தான் முதலில் பேசினான். ஏலக் குரல் திரும்பி வந்திருந்தது. "கேட்டீங்களா? தெரிஞ்சே அனுப்பியிருக்கான்."

"நீ உக்காரு லைல்" என்றேன். "உன் முறை வரும்."

தீர்மானத்தை ஆர்லெட்டா இரண்டாகப் பிரித்தாள். வெர்லின் பொருத்திய துப்பாக்கிகளுக்குத் தடை என்ற பாதிக்கு ஒரு கைகூட எழவில்லை. என் கையும் எழவில்லை. அவனை நீக்குவது என்ற பாதிக்கு எல்லாக் கைகளும் எழுந்தன. முதலில் எழுந்தது என்னுடையது. அவன் எழுந்தவற்றை எண்ணவில்லை. எழுந்து, தன் பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனான். போகிற வழியில் தீயணைப்பு வண்டியின் முன் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "இதுல காத்து இல்ல" என்றான். மறுநாள் பார்த்தார்கள். இல்லைதான்.

லைலுக்கு ஒரு பருவம் தடை. அது முடிந்து அவன் திரும்பி வந்தபோது கைதட்டினார்கள். எனக்கு அரை மாட்டு இறைச்சியைப் பொட்டலம் கட்டி அனுப்பினான், மேலே ஒரு மன்னிப்புச் சீட்டு. இறைச்சி நன்றாக இருந்தது. தின்றேன். மன்னிப்பை இன்னும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

வெர்லினிடம் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. அந்தக் கம்பிச் சத்தத்தைக் கேட்டவர்கள் வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் யாரும் கொட்டகைக்குள் போவதில்லை. வாசல் கம்பத்தில் மாட்டியிருக்கும் பால் வாளியில், துணியில் சுற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். முடிந்ததும் அதே வாளியில் இருக்கும். குவாரியில் வெடிச் சத்தம் கேட்கிற சனிக்கிழமைகளில் அவன் வேலிப் பக்கமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பான் என்று பக்கத்து நிலத்துக்காரன் சொன்னான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

நானும் போனேன். என்னுடையவை இரண்டும் அதுவரை மருந்து கொட்டுகிற பழைய சிலிண்டரோடுதான் இருந்தன. கன்னம் ஆறிய பிறகு, மாற்றுச் சிலிண்டர் போடலாம் என்று தோன்றியது. வாளியில் வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டினேன். ஆணியில் தொங்கிய அந்தப் பாழான துப்பாக்கி ஆடியது.

கதவைத் திறந்து என்னையும் துணி மூட்டையையும் பார்த்தான். "வாளி இருக்கு."

"வாளி கூடப் பேச நான் வரல. இது முடியுமா, முடியாதா?"

வாங்கி, சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக் காதோரம் வைத்துக் கேட்டான். "ரெண்டு வாரம்."

"வினிகர் போடமாட்டேன்."

"போட்டாத் தெரியும்."

"என் கன்னத்துல இன்னும் இருக்கு, உனக்குத் தெரியுமா?"

என் கன்னத்தைப் பார்த்தான். ஒரு மூடியின் பற்களைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். மனிதனாகப் பிறந்தவன் சொல்கிற ஏதாவது ஒன்று.

"நீ அரையடி பின்னாடி நின்னிருக்கணும்" என்றான்.

சாலைக்கு வந்து கிரேடரில் ஏறி, கதவை அறைந்து சாத்தினேன். அவன் சொன்னது சரி என்பதுதான் கொடுமை. நேரக்கருவி பிடிப்பவர் நிற்கவேண்டிய இடம் தோளுக்குப் பின்னால். சத்தம் சரியில்லையே என்று நான் அன்று முன்னே சாய்ந்திருந்தேன்.

துப்பாக்கிகள் சொன்ன நாளில் தயாராகிவிட்டன. கம்பி எல்லா அறைகளிலும் தண்ணீர் மாதிரி இறங்குகிறது. புள்ளிகளை இப்போது பெரிதாகவே குத்துகிறான், இருட்டில் விரலால் தடவினாலே தெரிகிற அளவுக்கு. கைப்பிடி மரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தன.

பனி தள்ளும்போது ஒரு வழக்கம் உண்டு. கிரேடரின் பிளேடு சாலையோரத்தில் பனியை வரப்பாகக் குவித்துக்கொண்டே போகும். வீட்டு வாசல் வரும்போது பிளேடைச் சற்றுத் தூக்கித் திருப்பினால், வரப்பு வாசலை அடைக்காமல் போகும். சட்டம் ஒன்றும் இல்லை, தெரிந்தவர்களுக்குச் செய்வதுதான். இந்தப் பாதையில் இருக்கிற எல்லா வாசலுக்கும் நான் தூக்குகிறேன். மல்பெரிக்காரனுக்கும் தூக்குகிறேன்.

போன வாரம் முழங்கால் அளவு பனி. குவாரிச் சாலையில் காலையிலேயே போனேன். ஹட்ஸ்பெத் வாசலில் மண்வாரியோடு நின்றுகொண்டிருந்தான். நான் வருவதைப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் எதிரே யார் வந்தாலும், எதிரியே ஆனாலும், ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வோம். என் விரல் எழவில்லை. பிளேடும் எழவில்லை. அவன் வாசலுக்குக் குறுக்கே பனி இடுப்பளவுக்கு ஒரே சீராகக் குவிந்தது. வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவன் கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. வரப்பின் ஒரு முனையில் போய் நின்று, மண்வாரியை நேராக இறக்கி, ஒரு வெட்டு வெட்டினான். அதை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வெட்டுக்கு நகர்ந்தான்.